வாசலக்காவும் இருபது நாற்காலிகளும்

எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை வாசலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டவர் என்பதால் வந்த பெயர். உண்மையில் நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனாலும் நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை மேடம் என்றார். இதில் இரண்டு பேருக்குமே ஒரு சௌகரியம் இருந்ததால் கடைசிவரை யாரும் திருத்திக்கொள்ளவில்லை.

வாசலக்காவின் வேலை குடும்பக் கணக்கெடுப்பு. வீட்டில் எத்தனை பேர், யார் வேலைக்குப் போகிறார்கள், யார் நின்றுவிட்டார்கள், ஏன் நின்றார்கள், நோயாளியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றரை மணி நேரம் கேட்டு எழுத வேண்டும். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. அக்கா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே வீட்டில் எத்தனை பேர், அதில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுவரை சொல்லிவிடுவார். கேள்வித்தாளைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார் என்று அவர் பேரில் ஒரு குறிப்புகூடக் கிடையாது. கடைசியில் அவரை நிறுத்தியது அவருடைய முழங்கால்தான். லிப்ட் இல்லாத நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் ஏறிவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்தவரை, அலுவலகம் என் அறைக்கு மாற்றியது.

என் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் பொருளாதாரம் படித்தவள். அக்கா மாதிரி ஆட்கள் வீடுவீடாகச் சேகரித்து வந்த பதில்களை வைத்துக் கணினிக்குள் ஐயாயிரம் பொய்க் குடும்பங்களை வளர்ப்பது என் தொழில். அந்தக் குடும்பங்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு முடிவு எடுக்கும். வேலைக்குப் போகலாமா, வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்க்கலாமா, இன்னும் ஐந்து வருடம் உழைத்துவிட்டு ஓயலாமா என்று. அரசாங்கம் ஏதாவது ஒரு சட்டத்தை மாற்றினால் நிஜக் குடும்பங்கள் என்ன செய்யும் என்பதை இந்தப் பொய்க் குடும்பங்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். பதினோரு வருடம் இதைக் கட்டினேன். என் உறவினர்களுக்கு இன்றுவரை நான் என்ன வேலை செய்கிறேன் என்று தெரியாது. கம்ப்யூட்டரில் ஏதோ விளையாட்டு என்று நினைக்கிறார்கள்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. மக்கள் பணத்தில் செய்தது, ஆகவே மக்களே உபயோகிக்கும்படி, படிக்காதவருக்கும் புரியும்படி எளிமையாக்கித் தர வேண்டுமாம். எனக்குச் சுருக்கென்று வந்தது கோபம். பதினோரு வருட உழைப்பை மூன்று பொத்தானில் அடக்கு என்றால் யாருக்கு வராது? வீம்புக்கு நாற்பது பக்கத்தில் ஒரு விளக்கப் புத்தகம் எழுதி அக்காவிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து படித்தார்.

"எப்படியிருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். தூக்கம் வராதவங்களுக்குக் குடுக்கலாம்."

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. மறுநாள் அவராகவே வந்து, புத்தகத்தின் ஆறாவது பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "இங்கதான் எனக்கு இடறுது. உங்க கம்ப்யூட்டர் ஏன் கடைசி வருஷத்துலேருந்து ஆரம்பிச்சுப் பின்னாடி வருது? எல்லாரும் இன்னிக்கிலேருந்துதானே யோசிப்பாங்க?"

எங்கள் துறையில் யாரும் கேட்காத கேள்வி அது. குடும்பம் இந்த வருடம் என்ன செய்யும் என்று கண்டுபிடிக்க, அடுத்த வருடம் அது எந்த நிலையில் இருக்கும் என்று தெரிய வேண்டும். அதற்கு அதற்கடுத்த வருடம் தெரிய வேண்டும். அதனால் கணினி ஆயுளின் கடைசி வருடத்துக்குப் போய், அங்கே என்ன செய்வது நல்லது என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு வருடமாகப் பின்னால் நடந்து இன்றைக்கு வந்து சேரும். நான் இதைச் சொல்லி முடித்ததும் அக்கா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு மணி பஸ்ஸப் பிடிக்கணும்னா, நாலரைக்கு வீட்ட விட்டுக் கிளம்பணும், நாலு மணிக்குக் குளிக்கணும்னு பின்னாலேருந்து கணக்குப் போடுவோமே, அது மாதிரியா?"

"அதேதான்."

"இதச் சொல்லியிருக்கலாமே மேடம். நாப்பது பக்கம் எதுக்கு?"

அடுத்த வாரம் அவர் கூட்ட அறையில் இருபது நாற்காலிகளை ஒரே வரிசையாகப் போட்டு வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஒரு நாற்காலி ஒரு வருடம். முதல் நாற்காலி இந்த வருடம், கடைசி நாற்காலி இருபதாவது வருடம். என்னைக் கடைசி நாற்காலிக்கு அனுப்பி உட்காரச் சொன்னார். கையில் அட்டையும் பேனாவும் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று கேட்பது போலவே கேட்டார். "வந்து சேந்துட்டீங்க. இது கடைசி வருஷம். இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

நான் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வாயில் வந்தது என் தங்கை பெயர். அவள் பக்கத்தில் இருந்தால் நன்றாயிருக்கும் என்று சொன்னேன். அவளோடு நான் பேசி ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அக்கா அதை எழுதிக்கொண்டு, "சரி, அது வேணும்னா பத்தொன்பதாவது வருஷம் என்ன பண்ணியிருக்கணும்? ஒரு நாற்காலி பின்னாடி வாங்க," என்றார். அப்படியே ஒவ்வொன்றாக மாறி மாறி உட்கார்ந்து முதல் நாற்காலிக்கு வந்தபோது, நானே கட்டிய அந்தப் பொய்க் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்று எனக்கே அன்றைக்குத்தான் உடம்பில் உறைத்தது. இதை ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாற்காலிப் பயிற்சி அலுவலகத்தில் பிரபலமாகிவிட்டது. காவலாளி, கணக்குப் பிரிவுக்காரர், ஏசி பழுதுபார்க்க வந்தவர் என்று அக்கா ஒருவரையும் விடவில்லை. பிடித்துப் பிடித்து உட்கார வைத்தார். நாற்காலியில் நடந்து முடித்தவர் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால், எதை எங்கே நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமை. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

சண்டை வந்தது ஒரே ஒரு கேள்வியில். திரையில் முதல் கேள்வியாக நான் வைத்திருந்தது இது: நீங்கள் எத்தனை வயதுவரை வாழ்வீர்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் கணவரோ மனைவியோ எத்தனை வயதுவரை? அக்கா அதை எடுத்துவிட்டார். எல்லோருக்கும் இருபது நாற்காலி, கணினியிலும் எல்லோருக்கும் இருபது வருடம் என்று மாற்றி வைத்திருந்தார்.

"இது தப்பு அக்கா. எல்லாருக்கும் ஒரே அளவு குடுத்தா விடை தப்பா வரும். இப்ப ஓடி ஓடி உழைச்சிட்டுப் பின்னாடி ஓய்வெடுக்கலாம்னு கம்ப்யூட்டர் சொல்லும். பின்னாடின்னு ஒண்ணு இல்லாதவங்க என்ன பண்ணுவாங்க?"

"யாருகிட்டயும் அதக் கேக்க முடியாது மேடம்."

"நீங்க இருபத்திரண்டு வருஷம் கேக்காத கேள்வியா? குளியலறை எத்தனைன்னு கேட்டிருக்கீங்க. புருஷன் பொண்டாட்டி சண்டையக் கேட்டிருக்கீங்க."

"அதெல்லாம் கேக்கலாம். இதக் கேக்க முடியாது."

நான் விடவில்லை. விஞ்ஞானம், நேர்மை, மக்கள் உரிமை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினேன். குரலும் உயர்ந்திருக்க வேண்டும், பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். அக்கா தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து போனார். பத்து நிமிடமாகியும் வரவில்லை. எனக்குச் சந்தேகம் வந்து தேநீர் அறைக்குப் போனேன். கழுவு தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டபடி, சத்தம் வெளியே வராமல் அழுதுகொண்டிருந்தார்.

அன்றுதான் சொன்னார். அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். நான் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒல்லியாக, சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூட்ரைவரோடு, எங்கே போனாலும் அந்தக் கட்டடத்து லிப்ட் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறவர். அவருக்கு மூச்சு வாங்குகிறதென்று மூன்று மாதம் முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். ரிப்போர்ட் வாங்க அக்கா தனியாகப் போயிருந்தார். நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது, திருப்ப முடியாது, இரண்டு வருடம், கொஞ்சம் கூடலாம் குறையலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்குப் போய்த் தூசி ஒவ்வாமை என்று சொல்லியிருக்கிறார்.

"ஏன் அக்கா?"

"அவர் சிரிச்சுப் பேசிட்டுத் திரியற ஆளு மேடம். இதத் தெரிஞ்சா அன்னிக்கே பாதி செத்துடுவாரு. இருக்கற வரைக்கும் இருக்கட்டும்னு நெனச்சேன்."

"அப்ப நீங்க வேலைய விட்டுட்டு அவரோட இருக்கலாமே?"

"அதுதான் முடியல. நான் திடீர்னு வேலைய விட்டு வீட்ல உக்காந்தா ஏன்னு கேப்பாரு. முட்டி வலிக்கே வேலைய விடாதவ நான். அவருக்குப் புரிஞ்சுடும். போற ஒவ்வொரு நாளும் போயிட்டே இருக்கு, நான் இங்க வந்து நாற்காலி போட்டுட்டு இருக்கேன்."

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். என்னைப் போல் ஒரு பொருளாதாரக்காரி மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் அது. என் இடத்துக்குப் போய், அவர்கள் குடும்பத்தைக் கணினியில் ஏற்றினேன். மனைவிக்கு இருபத்தைந்து வருடம், கணவருக்கு இரண்டு வருடம் என்று கொடுத்து ஓடவிட்டேன். விடை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்தது. மனைவி உடனே வேலையை நிறுத்திவிட வேண்டும், மூன்றாம் வருடம் திரும்பிச் சேர வேண்டும். அதை வண்ணத்தில் அச்செடுத்து, ஏதோ மருந்து கொண்டு வந்தவள் போல அக்காவிடம் நீட்டினேன்.

அவர் அதைக் கடைசிவரை படித்தார். கோபப்படவில்லை. "இது எனக்குத் தெரியும் மேடம். அவருக்குத் தெரியாம எப்படி நிக்கறதுன்னு இதுல எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. இருக்கவும் இருக்காது. நான் கட்டிய ஐயாயிரம் குடும்பங்களிலும் ஒருவருக்குத் தெரிந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துத்தான் கட்டியிருந்தேன். குடும்பத்துக்கு ஒரே மூளை, ஒரே மனசு. உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள், கணக்கு எளிது. அந்தத் தாளைத் திருப்பி வாங்கிக் கசக்கிக் குப்பையில் போட்டேன். அந்தக் கேள்வியையும் திரையிலிருந்து எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் இருபது.

இன்னும் நாலு மாதம் போனது. நானும் அந்த ரகசியத்தில் பங்காளி ஆகிவிட்டதால் அக்காவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் மட்டும் எப்போதும் போல வந்தார், கேலி பேசினார், சரியாக ஐந்தடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். முன்பெல்லாம் ஐந்தரை, ஆறு ஆகும். அதை மட்டும் அவரால் மறைக்க முடியவில்லை.

பொதுமக்களை வைத்து முதல் சோதனை ஒரு சனிக்கிழமை காலை, நூலகத்துக் கூடத்தில். இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் வரலாம், தேநீர் பிஸ்கட் உண்டு என்று நூலக வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தோம். பிஸ்கட்டுக்காகவாவது வருவார்கள் என்று நான் சொன்னேன். பதினோரு பேர் வந்தார்கள். நான் கணினிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா அட்டையும் பேனாவுமாக நாற்காலி வரிசையின் தலைமாட்டில்.

முதலில் ஒரு தையல்காரப் பெண் போனார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, தன் கண் அதற்குள் ஊசிக்கு உதவாமல் போய்விடும் என்று யோசித்து, அப்படியே பின்னால் நடந்து வந்து, எட்டாவது நாற்காலியிலேயே ஒரு உதவியாளைச் சேர்த்துக்கொள்வதென்று முடிவு செய்தார். அடுத்து ஒரு பெரிய கடையின் காவலாளி. அவர் கடைசி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "பன்னெண்டு மணி நேரம் நின்னே வேல பாக்கறவன் நான். இங்க உக்காந்தப்புறம் பின்னாடி வரவே மனசில்லம்மா," என்றார். கூடம் சிரித்தது. அக்காவும் சிரித்தார்.

"அடுத்து யாரு வரீங்க?"

"நான் வரலாமா?"

குரல் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது. தாமதமாக வந்து உட்கார்ந்தவரை யாரும் கவனித்திருக்கவில்லை. எழுந்து வந்தபோதுதான் பார்த்தேன். அக்காவின் கணவர். துவைத்துத் தேய்த்த சட்டை, பையில் ஸ்க்ரூட்ரைவர் இல்லை. முன்பு பார்த்ததைவிடப் பாதியாகியிருந்தார். நடந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார்.

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போல. பிறகு தொழில் பழக்கம் கைகொடுத்தது. "வாங்க சார். கடைசி நாற்காலிக்குப் போய் உக்காருங்க."

அவர் முதல் நாற்காலியின் முதுகைத் தொட்டார். அதைத் தாண்டி இரண்டாவது நாற்காலிக்கு வந்தார். உட்கார்ந்துவிட்டார்.

தெரியாமல் உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்து ஓரிருவர் சிரித்தார்கள். காவலாளி உதவிக்கு வந்தார். "சார், இன்னும் பதினெட்டு இருக்கு. அந்தக் கோடிக்குப் போகணும்."

"இல்லங்க. எனக்கு இவ்வளவுதான் குடுத்திருக்காங்க. விசாரிச்சிட்டுத்தான் வந்தேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் அக்கா பேசினார். பாதிக் கேள்வித்தாளோடு எந்த வாசலிலிருந்தும் திரும்பாத ஆளல்லவா. குரல் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது.

"வந்து சேந்துட்டீங்க. இது கடைசி வருஷம். இப்ப உங்களுக்கு என்ன வேணும்?"

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். எங்க வீட்டம்மா வீட்ல இருந்தாப் போதும்." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "ஆனா அவங்க வேலைக்குப் போறாங்க. லீவு போட்டுட்டு என்கூட இருன்னு நான் சொன்னா, ஏன்னு கேப்பாங்க. கேட்டா நான் சொல்லணும். சொன்னா தாங்க மாட்டாங்கன்னு சொல்லாமலே இருந்துட்டேன்."

அக்கா போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக, பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதைப் போல இருந்தார்கள். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ரிப்போர்ட் வந்து பத்து நாள்ல. அந்த ஆஸ்பத்திரி லிப்ட் சர்வீஸ் நம்ம கைலதானே. அந்த டாக்டர் ஏறினாரு. நாலாவது மாடி போறாரு. மூஞ்சப் பாத்துக் கேட்டேன். மூணாவது மாடியிலயே சொல்லிட்டாரு."

"லிப்ட நிறுத்திட்டீங்களா?"

"சே, சே. சர்வீஸ் ஆளு அப்படிச் செய்யலாமா."

அக்கா சிரித்தாரா அழுதாரா என்று சொல்ல முடியவில்லை. "எனக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தூசின்னுதான் உன்கிட்டச் சொல்லி அனுப்பிட்டாங்கன்னு மொதல்ல நெனச்சேன். ஆனா இருபத்திரண்டு வருஷமா எந்தக் கேள்வித்தாள் வந்தாலும் மொதல்ல என்னத்தான் உக்காரவச்சுக் கேட்டுப் பாப்ப. குளியலறை எத்தனைன்னு எத்தனை தடவ கேட்டிருப்ப, நம்ம வீட்ல இருக்கறது ஒண்ணே ஒண்ணு. இந்த நாற்காலி விஷயத்த மட்டும் என்கிட்டக் கேக்கவே இல்ல. பக்கத்து வீட்டுக்காரரக் கூட்டி வச்சுக் கேட்ட. என்ன விட்டுட்ட. அப்ப ஏதோ இருக்குன்னு புரிஞ்சுது. என்னதான் கேக்கறாங்கன்னு பாக்க வந்தேன். மொத ஆளு கடைசி நாற்காலிக்குப் போனதுமே விளங்கிடுச்சு."

இதற்கு மேல் கேட்பது எனக்கே அநாகரிகமாகப் பட்டது. ஆனால் நகரவும் முடியவில்லை. அந்தத் தையல்காரப் பெண்தான் முதலில் எழுந்து, யாரும் சொல்லாமலே பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் ஓசைப்படாமல் அவர் பின்னால் போனார்கள். நானும் போனேன். நூலகப் படியில் உட்கார்ந்து விசும்பி விசும்பி அழுதேன். முன்பின் தெரியாத காவலாளி என் கையில் இரண்டு பிஸ்கட்டை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

திங்கட்கிழமை அக்கா கடிதம் கொடுத்தார், சம்பளமில்லா விடுப்பு வேண்டும் என்று. எத்தனை நாள் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்டேன். உண்மையைச் சொல்வதானால், போட்டுவிட்டு எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் வந்தது. வேலையை ஒப்படைக்க இரண்டு மாதம்தான் இருந்தது, அவர் இல்லாமல் நான் என்ன செய்வது என்று. அப்படி நினைத்ததற்காக அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்தப் பாழாய்ப்போன முதல் கேள்வியை நான் திரும்ப எழுத வேண்டியிருந்தது. கேட்டே தீர வேண்டும் என்று நான் நின்றதும் தப்பு, கேட்கவே கூடாது என்று அவர் நின்றதும் தப்பு. பல வாரம் முட்டி மோதி, கடைசியில் இப்படிச் செய்தேன். வீட்டில் இரண்டு பேர் இருந்தால், இரண்டு பேரும் தனித்தனியாகத் திரைமுன் உட்கார்ந்து தனக்கு எத்தனை, மற்றவருக்கு எத்தனை என்று வைத்துக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள், யாருக்கும் காட்ட வேண்டாம். இரண்டு பேருக்கும் சம்மதம் இருந்தால் மட்டும் கடைசியில் சேர்ந்து பார்க்கலாம். அதில் வரும் ஒவ்வொரு வரியையும் அக்காவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். பின்னணியில் அவர் கணவர், "அந்த வார்த்த வேணாம், அது கவர்மெண்ட் வார்த்த," என்று திருத்தம் சொல்வது கேட்கும். சொன்னதெல்லாம் சரியாகவே இருந்தது. அவரும் இருபத்திரண்டு வருட அனுபவசாலிதானே.

ஒருமுறை போய்ப் பார்த்தேன். இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் ஆக்ஸிஜன் உருளை, அதன் மேல் ஒரு தொப்பியை மாட்டி வைத்திருந்தார்கள். நாளெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன், அது என் தொழில் புத்தி. அக்கா விலாவாரியாகச் சொன்னார். காலையில் பேப்பர் படிப்பது, யார் செய்தியை முதலில் படிப்பது என்று சண்டை போடுவது, அப்புறம் இரண்டு பேரும் தூங்கிவிடுவது. அவருக்கு முடிகிற நாளில் ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு, அவர் சர்வீஸ் செய்த கட்டடங்களில் ஒன்றுக்குப் போவார்களாம். லிப்ட்டில் மேலே வரைக்கும் போய் மொட்டை மாடியிலிருந்து ஊரைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார்களாம்.

"முப்பது வருஷம் லிப்ட்லயே இருந்திருக்கேன் மேடம்," என்றார் அவர். "மேல போனா மோட்டாரத்தான் பாப்பேன். வெளிய என்ன இருக்குன்னு ஒரு நாள் பாத்ததில்ல. ஊரு நல்லாத்தான் இருக்கு."

அக்கா அவர் போர்வையைச் சரி செய்தபடி, "இவருக்கு எல்லாமே லேட்டாத்தான் தெரியும்," என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அவர்கள்மேல் பொறாமையாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நூலகச் சனிக்கிழமையிலிருந்து பதினாலு மாதம் இருந்தார். ஒரு காலையில், பேப்பர் வந்த பிறகு போனார். இரண்டு மாதம் கழித்து அக்கா அலுவலகத்துக்குத் திரும்பி வந்தார். முடி அதிகம் நரைத்திருந்தது, பேச்சில் பழைய கேலி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. எங்கள் திரை அதற்குள் ஊரெங்கும் நூலகங்களில் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு எதை எப்போது பேசுவதென்று எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை. ஒரு மதியம் தேநீர் அறையில் அவர் தம்ளர்களைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தபோது, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "டாக்டர் ரெண்டு வருஷம்னு சொன்னாரே அக்கா. மூணு மாசம் குறைஞ்சு போச்சே," என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அந்த மூணு மாசம் கைக்கு வரவே இல்ல மேடம். அது போகட்டும். அந்தப் பதினாலு மாசமும் எனக்கு நெறஞ்சு இருக்கு, அதுல ஒரு கொறையும் இல்ல." தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார். "அதுக்கு முன்னால ஏழு மாசம் இருக்கே. அவர் நல்லா இருக்கற மாதிரி விசிலடிச்சுக்கிட்டே வேலைக்குக் கிளம்புவாரு. நான் ஒண்ணும் தெரியாத மாதிரி சாப்பாட்டு டப்பாவக் கையில குடுப்பேன். அவர் தெருமுனை திரும்பினதும் உள்ள வந்து அழுவேன். அவர் தெருமுனை திரும்பினதும் செவுத்தப் புடிச்சிக்கிட்டு நின்னு மூச்சு வாங்குவாராம், அப்புறமாத்தான் சொன்னாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல அந்த ஒரு செவுருதான் மேடம் இருந்திருக்கு. அந்த ஏழு மாசத்த மட்டும் யாராவது திருப்பிக் குடுத்தா வாங்கிக்குவேன்."